பளிச்சென்று ஒரு பொய்

மருமகள் மேல் புகார் சொல்ல மாமியார்கள் வருவது அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்குப் புதிதில்லை. மருமகளுக்குப் பரிந்துகொண்டு ஒரு மாமியார் படியேறி வந்தது அன்றைக்குத்தான். உதவியாளன் சோடாபுட்டி தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தான். சந்தேகமில்லை, மாமியாரேதான்.

"அவளுக்கு வாய் நீளம். வெந்நீர் வைக்கச் சொன்னாக்கூடப் பாத்திரத்தைக் கருக்கிடுவா. என்னைப் பத்தி அவங்க அம்மாகிட்ட என்னென்ன சொல்லியிருக்கான்னும் எனக்குத் தெரியும்" என்றாள் அந்த அம்மாள். "ஆனா திருட மாட்டா. திருடினான்னு எவன் சொன்னாலும் அவன் பொய் சொல்றான்."

சோடாபுட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒரு பார்வை பார்த்தாள். வாய் தானாக மூடிக்கொண்டது.

பெரியம்மா என்றால் பெயருக்குப் பெரியம்மா இல்லை. அவன் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. ரயிலில் டிக்கெட் பரிசோதகராகப் பாதி ஆயுளைக் கழித்தவள். தூங்குகிறவனின் கண்ணிமையைப் பார்த்தே அவனிடம் டிக்கெட் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்றதும் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கப் பிடிக்காமல் இந்த அலுவலகத்தைத் திறந்தாள். எந்த வேலையிலும் நிலைக்காத தங்கை பிள்ளையை, தங்கையின் அழுகையைப் பொறுக்கமுடியாமல் உதவியாளனாக வைத்துக்கொண்டாள். தடிமனான கண்ணாடி போட்டிருந்ததால் பள்ளிக்கூடத்திலேயே அவனுக்குச் சோடாபுட்டி என்று பேர் விழுந்துவிட்டது. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருவது லாரியா தாய்மாமனா என்று அவனுக்குத் தெரியாது. கண்ணாடி இருந்தாலும் தாய்மாமனைக் கண்டால் தெரியாத மாதிரிதான் போவான்.

மாமியார் சொன்ன விஷயம் இதுதான். மருமகளுக்கு ஒரு சென்ட் கம்பெனியில் ஆய்வுக்கூட வேலை. கம்பெனி புதிதாக ஒரு சென்ட் தயாரித்து, வெளியே விடாமல் பூட்டி வைத்திருந்தது. போன வாரம் ஒருநாள் மதியம் ஆய்வுக்கூடத்துக்குப் போன் வந்தது. பின்பக்கக் கேட்டில் ஒரு வேன் நிற்கிறது, சோதனைக்குப் போகவேண்டிய பாட்டிலை டிரைவரிடம் கொடுத்துவிடு என்று ஒரு ஆண்குரல் சொன்னது. மிஷின் சத்தத்தில் யார் குரல் என்று புரியவில்லை. உள்ளே இருந்து வந்த போன்தானே என்று அவளும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த வேன் எதிர்க்கம்பெனியுடையது. பாட்டில் கைமாறிய அந்த நொடியை யாரோ படம் எடுத்திருந்தார்கள். போன் வந்த கதையை யாரும் நம்பவில்லை. ஷிப்டு விடும் நேரத்தில், அத்தனை பேர் முன்னால் அவளுடைய பையைத் தரையில் கொட்டிச் சோதித்து வெளியே அனுப்பினார்கள். இன்று மாலை கடைசி விசாரணை. அதில் ஒப்புக்கொள்ளாவிட்டால் போலீஸில் ஒப்படைத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"சாப்பிடவே மாட்டேங்கிறா. என்கூடச் சண்டைக்குக்கூட வர மாட்டேங்கிறா" என்றாள் மாமியார். இரண்டாவதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது என்று குரலே சொன்னது.

படத்தின் பிரதி ஒன்றை மேசைமேல் வைத்தாள். மருமகளின் கை, டிரைவரின் கை, நடுவே ஒரு சின்னப் பாட்டில். பாட்டில் லேபிளின் பொடி எழுத்துகளைக்கூடப் படிக்க முடிந்தது. அவள் கை வளையலின் கோடுகளை எண்ணலாம். ஆனால் அவளுக்குப் பின்னால் இருந்த கேட்டு கரைந்துபோயிருந்தது. முன்னால் இருந்த பூந்தொட்டியும் அப்படியே. துல்லியம் எல்லாம் அந்த இரண்டு கைகளோடு முடிந்துவிட்டது.

எடுத்தது யார் என்று பெரியம்மா கேட்டாள். அன்று காலண்டர் படம் எடுக்க வந்திருந்த ஸ்டுடியோக்காரர் என்று பதில் வந்தது. பின்பக்கம் தற்செயலாகப் போனாராம், கண்ணில் பட்டதாம், சட்டென்று திரும்பி ஒரே ஒரு கிளிக்காம். அந்தக் கேமராவை முதலாளி பிடுங்கிப் பூட்டி வைத்திருக்கிறாராம்.

பெரியம்மா படத்தை அவனிடம் நீட்டினாள். "டேய், ஓடற ரயில்ல திடீர்னு போய் டிக்கெட் கேட்டா, மூணு பையைக் குடைஞ்சுதான் எடுப்பாங்க. உடனே நீட்டறவன் யாரு?"

"முன்னாடியே கையில வெச்சிருக்கறவன்."

"இந்தப் படம் உடனே நீட்டின டிக்கெட்டு."

ஸ்டுடியோக்காரர் பதினாறு பாக்கெட் வைத்த கோட்டு அணிந்திருந்தார். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. சுவர் முழுக்க அவர் எடுத்த படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தார். இந்தக் குழந்தை தும்முவதற்கு ஒரு கணம் முன்னால் எடுத்தது, இந்தக் குதிரையை எடுக்கப் புல்லில் அரை நாள் குப்புறப் படுத்துக் கிடந்தேன் என்று வந்தவர்களை உட்காரக்கூடச் சொல்லாமல் கதை அளந்தார். கேமரா தானாகவே ஃபோகஸ் செய்துகொள்வது என்ற பேச்சை எடுத்தாலே அவருக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. அவரிடம் இருந்தவை எல்லாம் கையால் வளையத்தைத் திருப்பும் பழைய லென்ஸ்கள்.

"தானியங்கியில எடுக்கறவன் போட்டோகிராபர் இல்லம்மா. பட்டன் அமுக்கறவன்."

பெரியம்மா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற காலத்தில் தானும் கையால் ஃபோகஸ் செய்யக் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவ்வளவுதான், அணை உடைந்தது. சென்ட் கம்பெனியில்கூட அன்று காலை முழுக்க எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன், ஒருத்தனும் கவனிக்கவில்லை என்று அலுத்துக்கொண்டே ஒரு கேமராவைக் கையில் எடுத்தார்.

"முதல்ல கண்ணு. அப்புறம் இடம். கடைசியிலதான் வளையம். இந்த வரிசை தப்பினா எல்லாம் தப்பிடும்."

கண் என்றால் என்ன என்று அவர் விளக்கியது சோடாபுட்டிக்குப் பிடித்திருந்தது. கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தின் பக்கத்தில் பயறு அளவுக்கு ஒரு பல்சக்கரம் இருந்தது. கேமரா வைத்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு அது எதற்கு என்றே தெரியாதாம். உள்ளே தெரியும் பொடிக் கோடுகளும் எண்களும் அவரவர் கண்ணுக்குத் துல்லியமாகும் வரை முதலில் அதைத் திருப்ப வேண்டும். அது உன் கண்ணுக்கு ஏற்ப நிற்காவிட்டால், லென்ஸை நாள் முழுக்கத் திருப்பினாலும் எது துல்லியம் எது மங்கல் என்று உனக்கே தெரியாது. கண்ணைச் சரிசெய்த பிறகு, ஆள் எங்கே வந்து நிற்பார் என்ற இடத்தை முடிவுசெய்ய வேண்டும். அதற்கப்புறம் வளையத்தைத் துல்லியமாகும் வரை திருப்பி, கொஞ்சம் தாண்டவிட்டு, மறுபடி பின்னால் கொண்டுவர வேண்டும். தாண்டிப் பார்த்தால்தான் எது உச்சம் என்று கண்ணுக்குத் தெரியும். அவருடைய லென்ஸ்களை முழுக்கத் திறந்து வைத்தால் இரண்டு விரல் ஆழத்துக்குத்தான் துல்லியம் இருக்கும். இமை தெரிந்தால் காது தெரியாது.

"அப்ப திடீர்னு ஒருத்தர் வந்தா?" என்று பெரியம்மா கேட்டாள்.

"என் கை பேசும்மா."

பேசட்டும் பார்க்கலாம் என்று அவள் சோடாபுட்டியை வெளியே அனுப்பினாள். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து எங்கே தோன்றுகிறதோ அங்கே நிற்கவேண்டும், அதுதான் அவன் வேலை. அவன் வந்து நின்றான். ஸ்டுடியோக்காரர் வளையத்தைத் திருப்பி அமுக்கினார். படத்தில் பின்சுவர் ஆணி அற்புதமாகத் தெரிந்தது, சோடாபுட்டி புகையாக இருந்தான். மறுபடி ஓடி வந்தான். இந்தத் தடவை அவன் ஷூ மட்டும் துல்லியம். மூன்றாவது தடவை ஒரு காது. வெளிச்சம் போதவில்லை என்றார், கதவு சத்தம் போடுகிறது என்றார், கடைசியில் சோடாபுட்டியின் நடையிலேயே ஒரு கோணல் இருக்கிறது என்றார்.

"கோணல் பரம்பரையா வந்தது சார். பெரியம்மா பக்கத்துல" என்றான் அவன் மூச்சு வாங்கிக்கொண்டு.

பொறுமையிழந்த ஸ்டுடியோக்காரர் தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். கோட்டின்மேல் வளையத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, இப்போது இங்கே வந்து நில் என்றார். சோடாபுட்டி ஓடிவந்து கோட்டில் நின்றான். மூக்கு நுனியில் இருந்த பரு வரைக்கும் படத்தில் விழுந்தது.

"பாத்தீங்களா? இடத்தை முன்னாடியே சொல்லிட்டா எமன்கூடத் தப்ப முடியாது."

"பாத்தேன்" என்றாள் பெரியம்மா. "அன்னைக்கு அந்தக் கேட்டுல கோடு போட்டுவெச்சது யாரு சார்?"

ஸ்டுடியோக்காரரின் கை ஒரு பாக்கெட்டைத் தேடி, காலியாக இருந்ததால் அடுத்த பாக்கெட்டுக்குப் போனது. அது அதிர்ஷ்டம் என்றார். பின்பக்கம் எதற்குப் போனார் என்று கேட்டதற்குப் பறவை எடுக்க என்றார். என்ன பறவை என்றதும் கறுப்பாக இருந்தது என்றார். காக்காவா என்று சோடாபுட்டி பணிவாகக் கேட்டான். காக்கா மாதிரி என்று பதில் வந்தது. பெரியம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. முதலாளி பூட்டி வைத்திருக்கும் உங்கள் கேமராவை இன்று வாங்கித் தருகிறோம், எங்களோடு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். பறிபோன அந்தக் கேமராவை நினைத்து ஒரு வாரமாக உருகிக்கொண்டிருந்த மனிதர், ஸ்கூட்டர் சாவியைத் தேடிப் பதினாறு பாக்கெட்டையும் தடவினார்.

தெருவுக்கு வந்ததும் சோடாபுட்டிக்கு உற்சாகம் தாங்கவில்லை. திருடன் கிடைத்தாயிற்று, கையோடு கொண்டுபோய் முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றான்.

"பொய்யன் கிடைச்சிருக்கான். திருடன் இன்னும் வரல" என்றாள் பெரியம்மா. "சுவத்துல இருக்கிற அத்தனை படத்துக்கும் கதை வெச்சிருந்தானே, கவனிச்சியா? தும்மின குழந்தைக்குக்கூட இருந்துச்சு. இருக்கறதுலயே நல்ல படம் இது. இதுக்கு மட்டும் காக்கா."

சென்ட் கம்பெனியின் தாழ்வாரத்தில் மூக்கே வேலை செய்யாத அளவுக்கு வாசனை. மாடிப்படி முனையில் மிடுக்காக உடுத்திய ஓர் இளைஞர் எதிரே வந்தார். முதலாளியின் மாப்பிள்ளை என்று பியூன் காதோடு சொன்னான். சோடாபுட்டி பல்லைக் காட்டி வணக்கம் வைத்தான். மாப்பிள்ளை அவனைச் சுவராக மதித்துத் தாண்டிப் போனார். நாலடி தள்ளி நின்று, போனை மூக்கில் இடிக்கும் அளவுக்கு உயர்த்தி வைத்துக்கொண்டார்.

"மூஞ்சி இருக்கான்னு பாக்கறாரு" என்று முணுமுணுத்தான் சோடாபுட்டி.

எப்போதுமே அப்படித்தான் என்று பியூன் குமுறினான். யார் வணக்கம் சொன்னாலும் திருப்பிச் சொல்லமாட்டார். போன மாதம் சொந்த மனைவியையே வாசலில் தெரியாத மாதிரி தாண்டிப் போனார், அந்தப் பெண் அழுதுவிட்டாள். கம்பெனியில் எல்லோரும் அவருக்கு ஆகாசப்பார்வை என்று பேர் வைத்திருக்கிறார்கள். பெரியம்மா அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோடாபுட்டிக்கு அந்த ஆளை அறைய வேண்டும்போல இருந்தது. எளியவனை மதிக்காதவர்களைக் கண்டால் அவனுக்கு எப்போதும் அப்படித்தான்.

முதலாளியின் அறை நீண்டு கிடந்தது. ஒரு கோடியில் மேசை, மறுகோடியில் தண்ணீர் கேன். பாட்டில் நிரப்பும் வேலையில் தொடங்கி மேலே வந்தவர் என்பதால் பெரியவர் இன்றைக்கும் பியூன்களைப் போலவே வெள்ளை அரைக்கைச் சட்டைதான் போடுவார். மருமகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வாய் நீளம் என்று சொல்லப்பட்ட பெண் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் மாமியார், யாரும் சொல்லாமலே உள்ளே நுழைந்து உட்கார்ந்திருந்தாள்.

பெரியவர் கெட்டவர் இல்லை. ஏமாந்துபோன ஆத்திரம் மட்டும் அவரிடம் நிறைய இருந்தது. என் பெண் மாதிரி நினைத்தேன், இப்படிச் செய்துவிட்டாயே என்று மறுபடியும் தொடங்கினார். பெரியம்மா குறுக்கிட்டுக் கேமராவைக் கேட்டாள்.

அவர் இடுப்புச் சாவியால் பீரோவைத் திறந்தார். அன்று மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், காலையில் எடுத்த படங்களை டிவியில் போட்டுக் காட்டும்போதுதான் கடைசியாக இந்தப் படம் வந்தது. அந்த இடத்திலேயே கேமராவைப் பிடுங்கிப் பூட்டினேன், அப்புறம் ஒரு ஈகூடத் தொடவில்லை என்றார். சாப்பாட்டு நேரத்தில் கேமரா எங்கே இருந்தது என்று பெரியம்மா கேட்டாள். கீழே ஸ்டாண்டில் மாட்டி விட்டுவிட்டுத்தான் எல்லோரும் சாப்பிடப் போனார்கள் என்று தெரிந்தது. சொன்னவர் ஸ்டுடியோக்காரர்தான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெரியம்மா கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கேமராவை அதன் சொந்தக்காரரிடம் நீட்டினாள். தொலைந்த பிள்ளையை வாங்குவது போல வாங்கிக்கொண்டார் மனிதர். கண்ணில் வைத்தார். வளையத்தைத் திருப்பினார். மறுபக்கம் திருப்பினார். முகம் சிவந்தது.

"யாரு என் சக்கரத்தைத் திருப்பினது? கடைசி வரைக்கும் திருப்பி வெச்சிருக்காங்க. உள்ள ஒரு கோடுகூடத் தெரியல."

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"முதல்ல கண்ணு, நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்" என்றாள் பெரியம்மா. "ஒரு கோடுகூடத் தெரியாத கேமராவுல, கையால ஃபோகஸ் பண்ணி, லேபிள் எழுத்து வரைக்கும் எப்படி எடுத்தீங்க?"

ஸ்டுடியோக்காரர் கேமராவை மேசையில் வைத்தார். படத்தை எடுத்தது தான் இல்லை என்றார். யார் எடுத்தது என்று தெரியாது. டிவியில் அது வந்தபோது பெரியவர் திரும்பி, இது நீங்கள் எடுத்ததா, எவ்வளவு துல்லியம் என்று கேட்டாராம். சுற்றி இத்தனை பேர் நின்றார்களாம்.

"அவ்வளவு பளிச்சுனு இருந்துச்சுங்க. இல்லைன்னு சொல்ல மனசு வரல."

யாரும் காசு கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஒரு பாராட்டு போதுமாக இருந்திருக்கிறது. சோடாபுட்டி வாழ்க்கையில் எத்தனையோ பொய் கேட்டிருக்கிறான், பாதி அவனே சொன்னது. இத்தனை அற்பமான பொய்யை அவன் கேட்டதில்லை.

மாமியார் எழுந்து அவர் எதிரே போய் நின்றாள். "உங்க வாயில 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை வராததுக்கு எங்க வீட்டுப் பொண்ணோட பையைத் தரையில கொட்டிட்டாங்களேய்யா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதினாறு பாக்கெட்டில் ஒன்றிலும் பதில் இல்லை.

பெரியம்மா சோடாபுட்டியைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொன்னாள். அவன் பார்த்தான். கோடும் எண்ணும் ஊசி முனையாக நின்றன. வளையத்தைத் திருப்பியதும் ஜன்னல் கம்பியின் துரு தெரிந்தது.

"எனக்கு எல்லாம் தெரியுது பெரியம்மா" என்றவன், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "சத்தியமா நான் எடுக்கல. அன்னைக்குப் பல்வலியில சுருண்டு கிடந்தேன். அம்மாவைக் கேளுங்க."

இந்தக் கேமராவில் கடைசியாகப் பார்த்தவனுக்கு இவனுடைய கண் மாதிரியே கண், தூரத்தில் இருப்பது தெரியாது என்றாள் பெரியம்மா. பெரியவர் யோசித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கம்பெனியில் இப்படித் தடிமனான கண்ணாடி போட்டவர் ஒருவரும் இல்லையே என்றார்.

"போட வேண்டியவர் இருக்காரு. ஐயா, கோவிச்சுக்காம அந்தத் தண்ணி கேன் பக்கத்துல போய் நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் பேசாதீங்க. யாராவது உங்க மாப்பிள்ளையை வரச்சொல்லுங்க."

பெரியவர் கேன் பக்கத்தில் போய் நின்றார்.

மாப்பிள்ளை நிமிர்ந்த தலையோடு உள்ளே வந்தார். வாங்க என்ற பெரியம்மாவின் குரலை வைத்து மேசைப் பக்கம் திரும்பி, மாமா இல்லையா என்று கேட்டார். வருவார் என்றாள் அவள். மாப்பிள்ளை அறைக் கோடியில் நின்ற வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"ஏய், அங்க என்ன வேடிக்கை? போய் டீ கொண்டா. சர்க்கரை கம்மியா."

பியூன் கதவுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்து, வந்த வேகத்தில் தலையை இழுத்துக்கொண்டான். பெரியவர் அசையவில்லை. சோடாபுட்டிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஆள் இத்தனை நாளாக யாரையும் மதிக்காமல் போகவில்லை. யாரையும் பார்க்கவே இல்லை. கண்ணாடி போட்டால் அழகு கெட்டுவிடும் என்று பாதிக் குருடராகக் கம்பெனியைச் சுற்றிவந்திருக்கிறார்.

பெரியம்மா வருத்தமாகப் பேசினாள். கேமராவே கோளாறாம், உள்ளே பார்த்தால் வெறும் மங்கலாம், ஸ்டுடியோக்காரரே சொல்லிவிட்டார், அதனால் அதில் எடுத்த படம் சாட்சிக்குச் செல்லாது, இந்தப் பெண்ணை விட்டுவிட வேண்டியதுதான் என்றாள்.

மாப்பிள்ளைக்கு முகம் மாறியது. "எவன் சொன்னது?" என்று கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தார். "எங்க மங்கல்? உள்ள இருக்கற நம்பர்கூடப் பளிச்சுனு தெரியுது." விரல்கள் வளையத்தைத் தேடிப் பழகிய மாதிரி திருப்பின, கொஞ்சம் தாண்டவிட்டுத் திரும்பி வந்தன. "அதோ, அங்க நிக்கறவன் சட்டைப் பொத்தான் வரைக்கும் தெரியுதே..."

வளையம் நின்றது.

கேமராவுக்குள் அவர் எதைப் பார்த்தார் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். பொத்தானுக்கு மேலே பெரியவரின் முகம் இருந்தது. மாப்பிள்ளை கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. எடுத்தால் அந்த முகம் மறைந்துவிடும், ஆனால் மனிதர் அங்கேயேதான் இருப்பார்.

"உங்க பாடத்தை ஒருத்தனும் கவனிக்கலைன்னு அலுத்துக்கிட்டீங்களே" என்று பெரியம்மா ஸ்டுடியோக்காரரிடம் சொன்னாள். "ஒருத்தர் கவனிச்சிருக்காரு. கண்ணு, இடம், வளையம், வரிசை தப்பாம. பாடம் முடிஞ்சதும் சக்கரத்தைப் பழைய இடத்துக்கே திருப்பி வைக்கணும்னு நீங்க சொல்லித் தரல."

பிறகு எல்லாம் வேகமாக வெளியே வந்தது. எதிர்க்கம்பெனியில் பங்குதாரர் நாற்காலி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இங்கே வீட்டு மாப்பிள்ளை, அங்கே முதலாளி. சென்ட் ரகசியத்தை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. ஆய்வுக்கூடத்தில் பாட்டில் குறைகிறதே என்று இந்தப் பெண் கேட்கத் தொடங்கியதும், கேட்டவள் தலையிலேயே கட்டிவிடலாம் என்று தோன்றியது. வேனை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொன்னதும் அவர்தான், ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்ததும் அவர்தான். படத்துக்குச் சொந்தக்காரன் வேண்டுமே என்ற கவலை மட்டும் இருந்தது. ஸ்டுடியோக்காரரின் பெருமைப் பேச்சை ஒரு காலை முழுக்கக் கேட்டிருந்தபடியால் அந்தக் கவலையும் தீர்ந்துவிட்டது.

பெரியவர் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரே நாளில் பத்து வயது கூடியவராகத் தெரிந்தார். மருமகளின் பக்கம் பார்க்காமலே பேசினார். நாளைக்கே வேலைக்கு வந்துவிடு, பழைய இடம், பழைய மரியாதை, எல்லாம் அப்படியே இருக்கும் என்றார். என் பெண்ணின் வாழ்க்கை இதில் இருக்கிறது, அதனால் இந்த விஷயம் மட்டும் இந்த நாலு சுவருக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். கெஞ்சிப் பழக்கமில்லாதவர் கெஞ்சுவதைப் பார்க்கச் சோடாபுட்டிக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் இடத்தில் இருந்தால் அவன் சரி என்று சொல்லியிருப்பான்.

மருமகள் எழுந்து நின்றாள். ஒரு வாரமாகப் பேசாத குரல் முதலில் கரகரத்தது.

"என்னை நாலு சுவத்துக்குள்ளயா ஐயா வெளிய அனுப்பினீங்க?"

பெரியவர் இடுப்புச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான் ஒத்துக்கலைன்னா போலீசுக்குப் போன் பண்ணுவேன்னு சொன்னீங்க. அந்த நம்பர் உங்ககிட்ட இருக்கும். பண்ணுங்க."

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகினாள். மருமகள் பக்கத்தில் போய், தோளோடு தோள் ஒட்டி நின்றாள். சோடாபுட்டி எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன். அப்போது அவனிடம் ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான்.

பெரியவர் போனைக் கையில் எடுத்தார். மாமா என்று மாப்பிள்ளை ஒரு தடவை கூப்பிட்டார். பெரியவர் எண்களை அமுக்கினார். மறுமுனையில் விவரம் கேட்டார்கள். கம்பெனியில் திருட்டு என்றார். யார் மேல் சந்தேகம் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சந்தேகம் இல்லீங்க" என்றார். "எங்க வீட்டு மாப்பிள்ளைதான்."